மக்கு என்று சொன்ன மரவட்டை

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு பாழடைந்த கல் மண்டபம். அந்த மண்டபத்தில் மினுக்கி என்ற பூனையும் அவளுடைய குட்டி பஞ்சுவும் குடியிருந்தார்கள்.

மினுக்கி என்ற பெயர் சும்மா வரவில்லை. காலையில் எழுந்ததும் உடம்பை நக்குவாள். சாப்பிட்டதும் நக்குவாள். வேலை இல்லாவிட்டால் நக்குவாள். வேலை இருந்தாலும் நக்கிவிட்டுத்தான் போவாள். தன் உடம்பு பளபளவென்று ஆனதும் குட்டியைப் பிடித்துக்கொள்வாள். தாயைப் பார்த்துப் பஞ்சுவும் நாள் முழுக்கத் தன்னையே நக்கக் கற்றுக்கொண்டான். அவனுடைய முடி கொஞ்சம் கொஞ்சமாக அவன் வயிற்றுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

பூனைகளுக்கு இது ஒன்றும் புதிதல்ல. வயிற்றில் முடி சேர்ந்தால் நாலு புல்லைக் கடிக்கும். குமட்டும். முடியெல்லாம் உருண்டையாக வெளியே வந்து விழும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல வாலைத் தூக்கிக்கொண்டு நடந்து போகும்.

ஆனால் அந்த வருஷம் மழை விடாமல் கொட்டியது. குளம் நிரம்பிக் கரையைத் தாண்டியது. மண்டபத்தைச் சுற்றியிருந்த புல்வெளி முழுக்கத் தண்ணீருக்கடியில் போய்விட்டது. மண்டபமும் அதன் பின்னால் ஒரு பாறை மேடும்தான் மிச்சம். பூனை வாய் வைக்க ஒரு புல் கிடையாது.

பஞ்சு பாலைத் தொடவில்லை. அவன் வயிறு கல் மாதிரி இருந்தது. குமட்டினான், குமட்டினான், ஒன்றும் வரவில்லை.

"அம்மா, உள்ள என்னமோ அடைச்சிருக்குது!" என்று முனகினான்.

மினுக்கி ஓடி வந்தாள். குட்டியை இப்படிப் புரட்டினாள், அப்படிப் புரட்டினாள். இது இப்படியே போனால் பையன் பிழைக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அந்த மண்டபத்தில் முன்பு ஆடு மேய்க்கிறவர்கள் தங்கிச் சமைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கீறல் விட்ட மண்சட்டி ஒன்றும், கிழிந்த துணிமூட்டையில் கொஞ்சம் கம்பும் அங்கே கிடந்தன. சிந்திய கம்பில் ஒன்று கல்லிடுக்கில் முளைத்து, ஒற்றைப் புல்லாக நின்றது. மினுக்கி பஞ்சுவை அதனிடம் இழுத்துப் போனாள். அவன் மோந்து பார்த்தான். கறுக்கென்று கடித்து விழுங்கினான்.

"இன்னும் வேணும்மா!"

இன்னும் எங்கே இருக்கிறது? மினுக்கி சட்டியைப் பார்த்தாள். கம்பைப் பார்த்தாள். வெளியே போய்ப் புல் தின்ன முடியாவிட்டால் உள்ளேயே புல் வளர்த்தால் என்ன? சட்டி இருக்கிறது, விதை இருக்கிறது. மண் போட்டால் முடிந்தது!

மண் என்றால் எந்த மண்? அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. மண்ணைப் பற்றி மினுக்கிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தோண்டு, உட்கார், மூடு! அதற்குமேல் மண்ணால் ஒரு காரியம் உண்டு என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சரி, யாரையாவது கேட்போம் என்று புறப்பட்டாள்.

மண்டபத்து மூலையில் காற்று கொண்டுவந்து சேர்த்த இலைக்குப்பை ஒரு குவியலாகக் கிடந்தது. அதில் ஒரு மரவட்டை இருந்தது. அதற்குக் காலுக்குப் பஞ்சமில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். ஒரு சொல் சொல்லி முடித்து அடுத்த சொல்லைத் தொடங்குவதற்குள் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

"ஏனுங்க மரவட்டை! என்ற பையனுக்காகச் சட்டியில புல் வளர்க்கப் போறனுங்க. சட்டிக்குள்ள என்ன போட்டா நல்லா வரும்?" என்று கேட்டாள் மினுக்கி.

மரவட்டை தலையைத் தூக்கியது. மீசையை மெல்ல ஆட்டியது. நிதானமாக யோசித்தது.

"மக்கு!" என்றது.

மினுக்கியின் காது விடைத்துக்கொண்டது. "என்னது?"

"மக்கு..."

மரவட்டை அடுத்த சொல்லுக்காக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. மினுக்கிக்கு அதுவரை பொறுக்கவில்லை.

"பெத்த புள்ள கெடக்கற கெடப்புல ஒரு வழி கேட்டு வந்தா, என்னையவா மக்குங்கற? இத்தனை கால் இருந்தா உனக்கு வாயும் இத்தனை நீளமா?"

பளாரென்று ஒரு அறை விட்டாள்!

மரவட்டையைத் தொட்டால் சுருண்டுகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். சுருண்டால் தலை உள்ளே போய்விடும். உள்ளே போன தலை எப்படிப் பேசும்? மினுக்கி அதை இந்தப் பக்கம் உருட்டினாள், அந்தப் பக்கம் உருட்டினாள். வட்டமாகவே கிடந்தது. மீதிப் பேச்சும் அதற்குள்ளேயே கிடந்தது.

அது என்ன சொல்ல வந்தது என்று உங்களில் செடி வைத்துப் பழகியவர்களுக்கு விளங்கியிருக்கும். சும்மா இருங்கள்! மினுக்கிக்கு விளங்கவில்லை. அவள் விறுவிறுவென்று பின்பக்கத்துப் பாறை மேட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கே பாறை இடுக்கில் மழை படாத ஒரு மணல் திட்டு. அதில் ஒரு மயில் புரண்டு குளித்துக்கொண்டிருந்தது.

"வாங்க வாங்க! இப்பிடி ஒரு மினுமினுப்பை இந்தக் காட்டுல நான் எங்கியும் பார்த்ததில்லீங்க!" என்றது மயில்.

மினுக்கிக்கு மனசு குளிர்ந்தது. பேசினால் இப்படியல்லவா பேச வேண்டும்! விஷயத்தைச் சொன்னாள்.

"இதென்னங்க பெரிய விஷயம்! மணலுதான் மண்ணுலயே ஒசத்தி. தெனமும் நான் இதுலதான் குளிக்கறேன். என்ற தோகையைப் பாருங்க!"

புல்லுக்கும் தோகைக்கும் என்ன சம்பந்தம் என்று மினுக்கிக்கு ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஆனாலும் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் குறுக்குக் கேள்வி கேட்க முடியுமா? சட்டி நிறைய மணலை அள்ளிப் போட்டாள். கம்பைத் தூவினாள். தண்ணீர் விட்டாள். விட்ட தண்ணீர் அப்படியே கீறல் வழியாக வெளியே ஓடியது. மறுபடியும் விட்டாள். மறுபடியும் ஓடியது. மணல் மட்டும் காய்ந்தே கிடந்தது.

விடிந்ததும் இன்னொன்று நடந்தது. மினுக்கி பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தாள். எதிரே நல்ல மணல். தோண்டினாள், உட்கார்ந்தாள், மூடினாள்!

பஞ்சு படுத்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, அது என்ற புல்லு இல்லியா?" என்று ஈனக் குரலில் கேட்டான்.

மினுக்கியின் முகம் சுண்டிப்போனது. சட்டியைக் கவிழ்த்துக் கொட்டிக் கழுவி எடுத்துக்கொண்டு குளத்துப் படிக்கு ஓடினாள்.

படியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அது நல்ல மாதிரி. யாரைக் கண்டாலும் அம்மணி, கண்ணு என்று வாய் நிறையப் பேசும். மினுக்கி நடந்ததைச் சொல்லி, எந்த மண் நல்ல மண் என்று கேட்டாள்.

"மணலா? சேச்சே! ஆராச்சும் மணலைப் போடுவாங்களா அம்மணி? உங்க மூளைக்கு ஏத்தது களிமண்ணுதானுங்க!" என்றது.

கேட்டதும் நமக்குச் சிரிப்பு வருகிறது. மினுக்கிக்கு வரவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. தன் மூளைக்கே பொருத்தமான மண் என்றால் கம்புக்குப் பொருந்தாமல் போகுமா? மக்கு என்று சொன்ன அந்த மரவட்டை எங்கே, மூளையை மதிக்கிற இந்தத் தவளை எங்கே!

அவள் களிமண்ணை அப்பி அப்பிச் சட்டியை நிரப்பினாள். கம்பை அழுத்திப் புதைத்தாள். இந்தத் தடவை விட்ட தண்ணீர் ஓடவில்லை. ஓடவே இல்லை! சட்டிக்குள் சின்னக் குளமாகத் தேங்கி நின்றது. இரண்டு நாளில் குப்பென்று ஒரு நாற்றம் கிளம்பியது. மினுக்கி நகத்தால் கிளறிப் பார்த்தாள். கம்பெல்லாம் அழுகிக் கொழகொழவென்று வந்தது.

தவளை மட்டும் சட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. "அருமையா இருக்குதுங்க அம்மணி! நான் இங்கியே இருந்துக்கறனே!" என்றது.

மினுக்கிக்குத் தலை கிறுகிறுத்தது. மணல் தண்ணீரை விட்டுவிடுகிறது. களிமண் தண்ணீரை விடமாட்டேன் என்கிறது. புல்லுக்குத் தண்ணீர் வேண்டுமா, வேண்டாமா? ஈரமாக இருந்தால் நல்லதா, காய்ந்திருந்தால் நல்லதா? சுற்றிலும் பார்த்தால் காடு முழுக்க மண். இத்தனை மண்ணில் ஒரு சட்டி மண் எது என்று தெரியவில்லையே!

பஞ்சு இப்போது எழுந்து நிற்பதையே விட்டுவிட்டான். அவனுடைய கண் உள்ளே போயிருந்தது.

அப்போது மண்டபத்துத் தூணில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அது பல ஊர் சுற்றுகிற காகம், தெரியாத விஷயமே இல்லை என்று சொல்லிக்கொள்ளும்.

"அக்கா, இந்தக் காட்டு மண்ணெல்லாம் எதுக்காகும்? மனுசங்க தோட்டத்து மண்ணைப் பாருங்க! வெள்ளை வெள்ளையா உருண்டை போடுவாங்க. அதைப் போட்டுட்டா சோளம் சொல்லாமக் கொள்ளாம ஆள் உசரம் நிக்கும்! நான் கொண்டாந்து தர்றேன்!"

தோட்டம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது. மினுக்கி களிமண்ணை வழித்தெறிந்து சட்டியைக் கழுவி வைத்தாள்; காகம் பாவம், அலகு அலகாகக் கொண்டுவந்து அதில் கொட்டியது. மண்ணில் வெள்ளை உருண்டைகள் நிறையவே கலந்திருந்தன. அதுதானே சத்து என்று காகம் தேடித் தேடி எடுத்து வந்திருந்தது. உருண்டை கூடினால் புல்லும் கூடும் என்பது அதனுடைய கணக்கு.

அதில் தூவிய கம்பு முளைத்தது! பச்சைப் பசேலென்று ஊசி ஊசியாகத் தலைநீட்டியது. மினுக்கி சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "கண்ணு, பாருடா உன்ற புல்லை!" என்று கத்தினாள். அவளுடைய சந்தோஷம் ஒரு பகல்தான். மறுநாள் புல்லின் நுனியெல்லாம் தீயில் காட்டியது போலக் கருகியிருந்தது. என்ன ஏது என்று அவள் விழித்துக்கொண்டு நிற்கும்போதே பஞ்சு தவழ்ந்து வந்து சட்டிக்குள் வாயை வைத்துவிட்டான். கருகின புல்லோடு சேர்த்து ஒரு வெள்ளை உருண்டையையும் நக்கினான்.

அவ்வளவுதான். அவன் வாயில் நுரை தள்ளியது. கால் நான்கும் உதறியது.

"ஐயோ, என்ற கண்ணு!" என்று அலறினாள் மினுக்கி. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே ஓடி ஒளிகிறவள், குட்டியைக் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் போய் நின்றாள். கூரையிலிருந்து விழுந்த தண்ணீரில் அவன் வாயைக் காட்டி, நுரை போகும் வரை அங்கேயே நின்றாள். அவளுடைய மினுமினுப்பெல்லாம் ஒழுகிப்போய், எலும்பும் தோலுமாக யாரோ போலத் தெரிந்தாள். அதைப் பற்றி அவளுக்கு நினைவே இல்லை.

நுரை அடங்கியது. பஞ்சு மூச்சு விட்டான். ஆனால் கண் திறக்கவில்லை.

காகம் தூணில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தது. "எனக்கென்னக்கா தெரியும்! மனுசங்க போடறாங்களே, நல்லதுதானாக்கும்னு நெனச்சுட்டேன்!" என்றது.

தவளை தத்தித் தத்தி வந்து சட்டி மண்ணில் நாக்கை ஒட்டிப் பார்த்துத் துப்பியது. "அய்யே, ஒரே கரிப்பு! துளி கூட மக்கே இல்லியே!"

மினுக்கி சீறிக்கொண்டு திரும்பினாள். "நீயுமா என்னைய மக்குங்கற?"

"உங்களையா? உங்களை நான் ஏனுங்க சொல்றேன்? மண்ணைச் சொன்னேன் அம்மணி! எலை தழையெல்லாம் மக்கி மண்ணாப் போகுமே, அந்த மக்கு! அதுலதானே எந்தப் புல்லும் வரும்?"

மரவட்டை சொன்னதும் இந்த மக்குதானா என்று மினுக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. நனைந்த வால் தரையில் கிடந்தது.

"இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா என்கிட்டக் களிமண்ணுன்னு சொன்ன?"

"நீங்க எந்த மண்ணு நல்ல மண்ணுன்னு கேட்டீங்க. எனக்குக் களிமண்ணுதானுங்களே நல்லா இருக்குது!" என்றது தவளை. அது பொய் சொல்லவில்லை. மயிலும் பொய் சொல்லவில்லை. அவரவருக்கு எது சுகமோ அதைச் சொல்லியிருந்தார்கள்.

மினுக்கி இலைக்குப்பைக்கு ஓடினாள். மரவட்டை குப்பைமேல் மேய்ந்துகொண்டிருந்தது. அவள் காலடிச் சத்தம் கேட்டதுமே சுருண்டுகொண்டது. போன தடவை வாங்கிய அறை அதற்கு மறந்துவிடுமா?

"நான் அடிக்க வரலீங்க! கொஞ்சம் வாயைத் திறங்க! பையன் கண்ணே திறக்க மாட்டேங்கறான்!" என்றாள்.

மரவட்டை அசையவில்லை. அதை உருட்டிப் பிரித்துவிடலாமா என்று அவளுக்குக் கை பரபரத்தது. தொட்டால் இன்னும் இறுக்கமாகச் சுருளும் என்று தெரிந்து, முன்னங்கால் இரண்டையும் வயிற்றுக்கடியில் மடக்கி அந்தக் கால்களின்மேல் படுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பிள்ளை கண் திறக்காமல் கிடக்கிறான், இந்தப் பக்கம் இவள் ஒரு புழு மனசு வைக்கட்டும் என்று காத்துக் கிடக்கிறாள். அவளுக்கு அழுகையாக வந்தது. அழுகையையும் சத்தமில்லாமல் அழுதாள்.

வெகுநேரம் கழித்து வட்டம் மெல்லப் பிரிந்தது. தலை எட்டிப் பார்த்தது. மீசை ஆடியது.

"மக்கு..." என்றது மரவட்டை.

மினுக்கி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"...மண்ணுங்க. நான் படுத்திருக்கற இந்தக் குப்பைதான். மேல இருக்கற முழு எலையைத் தள்ளுங்க. அடியில கறுப்பா இருக்கும்..."

அவள் மறுபடியும் காத்திருந்தாள்.

"...அதை எடுங்க. புடிச்சாப் புடிபடோணும், விட்டா உதிரோணும். மோந்து பார்த்தா நாத்தம் வரக்கூடாது..."

"அப்பறமுங்க?" என்று கேட்க வந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

"...கொஞ்சம் மணலைக் கலந்துக்கோங்க, தண்ணி தேங்காது. சட்டியில அமுக்காதீங்க. தண்ணியைத் தெளிங்க, ஊத்தாதீங்க. வேற ஒண்ணும் போடாதீங்க, புள்ள வாயில வெக்கற பொருளு."

இவ்வளவுதான்! இந்த நாலு பேச்சுக்குத்தான் இத்தனை நாள்!

மினுக்கி சட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். கறுப்பு மக்கை அள்ளிப் போட்டாள். மயில் ஒரு குத்து மணல் கொண்டுவந்து கொடுத்தது. மூட்டையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிக் கம்பைக் காகம் கொத்திக் கொத்தி எடுத்துத் தந்தது. இதுவும் போனால் வேறு விதை கிடையாது. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மினுக்கி நனைந்த வாலால் சட்டியில் தண்ணீர் தெளித்தாள். பஞ்சுவின் வாயில் சொட்டுச் சொட்டாக மழைத்தண்ணீர் விட்டாள். அவன் விழுங்கினால் அவளுக்கு உயிர் வரும், விழுங்காவிட்டால் உயிர் போகும். மண்ணைக் கிளறிப் பார்க்க ஆசை வரும்போதெல்லாம் மரவட்டையைப் பார்ப்பாள். அது மீசையை இல்லை என்று ஆட்டும்.

கம்பு முளைத்தது. நுனி கருகவில்லை. அழுகவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. அதற்கு மறுநாள் காற்றில் ஆடும் உயரத்துக்கு வந்துவிட்டது. அது தண்ணீருக்கடியில் போன புல்வெளியின் பச்சையேதான்.

மினுக்கி ஒரு புல்லைக் கடித்துப் பஞ்சுவின் மூக்கருகே வைத்தாள். மூக்கு அசைந்தது. ஒரு கண் திறந்தது. அவன் மெல்ல ஒரு கடி கடித்தான். இன்னொரு கடி. பிறகு தானே தலையைத் தூக்கிச் சட்டிக்குள் விட்டுக்கொண்டு கறுக்கு கறுக்கென்று மேய்ந்தான்.

குமட்டல் வந்தது. உடம்பெல்லாம் குலுங்கியது. தவளை கண்ணை மூடிக்கொண்டது. காகம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. பஞ்சு ஒரு தடவை முக்கினான், இன்னொரு தடவை முக்கினான். சொதக்கென்று ஒரு ஈர முடி உருண்டை கல்தரையில் வந்து விழுந்தது! பார்க்கச் சகிக்காத பொருள். மினுக்கியோ கண் நிறைய அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, பசிக்குது!" என்றான் பஞ்சு.

அவள் அவனை மடியில் சேர்த்துக்கொண்டாள். அவன் முட்டி முட்டிப் பால் குடித்தான். முதுகில் கை வைத்தால் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. மூச்சுக்கு மூச்சு விலா எலும்பு எழுந்து இறங்கியது. மினுக்கி அந்த எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "அன்னிக்கே நான் முழுசாக் கேட்டிருந்தா நீ இப்பிடி எளைச்சிருக்க மாட்டயே, கண்ணு!" என்று தேம்பினாள்.

"என்னத்தைக் கேக்கலீம்மா?" என்றான் அவன், பால் வாயோடு.

மினுக்கிக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஒன்று விடாமல் சொன்னாள்.

பாதிப் பேச்சிலேயே கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவர், தமக்கு நன்மை சொல்ல வந்த மீதிப் பேச்சையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்.